அந்த ஊர்ல என்ன இருக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான். வேறு யார் மேலாவது பழியைப் போட்டுவிட்டுக் கட்டுரையை ஆரம்பிக்கக் கூடாது என்பதால் முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

கடைசி செமஸ்டர் தொடங்குவதற்கு முன்னால் எங்கள் செட்டில் ஐந்து பேர் டூர் போவது என்று முடிவானது. மூன்று பசங்க, இரண்டு பெண்கள். எல்லோரும் பி.காம். சென்னையில் கிளம்பி திருச்சி, தஞ்சாவூர், மதுரை என்று மூன்று நகரம், ஆறு நாள். வீடுகளில் அனுமதி வாங்கிய கதையை எழுத ஆரம்பித்தால் அது தனித் தொடராகிவிடும், விட்டுவிடுவோம். கணக்குப்பிள்ளை வேலை எனக்கு. கேன்டீன் மேஜையில் ஒரு பெரிய தாளை விரித்து, ஒவ்வொரு நகரத்துக்கும் இரண்டு நாள் என்று கட்டம் போட்டேன். ஒரு நாள் நகரத்துக்கு. இன்னொரு நாள் பக்கத்தில் ஏதாவது ஒரு சின்ன ஊருக்கு. பை எல்லாம் ரூமிலேயே இருக்கும், காலையில் போய் ராத்திரி திரும்பிவிட வேண்டும்.

திருச்சிக்குப் பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது. யாரோ "புதுக்கோட்டை?" என்றார்கள். நான் தாளிலிருந்து தலையைக் கூட நிமிர்த்தாமல், "அந்த ஊர்ல என்ன இருக்கு?" என்றேன்.

எங்கள் செட்டில் ஒருத்தன் புதுக்கோட்டைக்காரன். வகுப்பில் அவனுக்குப் பெயரே 'புதுகை'தான். மூன்று வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுகிறோம். என் வீட்டில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டிருக்கிறான். அவன் எனக்கு எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தான். "ஆமாடா, ஒண்ணும் இல்ல, வேற போடு" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் 'முக்கொம்பு' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன்.

டூர் போய் வந்து இரண்டு மாதம் ஆகிறது. அந்த ஒரு கட்டம் மட்டும் இன்னும் மனசில் உறுத்திக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சொல்ல வந்தது இதுதான். பல நகரங்களுக்குப் போகும் டூரில் நடுவே ஒரு சின்ன ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது, 'அங்கே என்ன இருக்கு?' என்று கேட்பது தப்பான கேள்வி. 'அங்கே நமக்கு எத்தனை மணி நேரம் இருக்கு?' என்பதுதான் சரியான கேள்வி. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தப்பான கேள்வியைக் கேட்டு ஒரு நாளையும், தற்செயலாகச் சரியான இடத்துக்குப் போய் இன்னொரு நாளையும் செலவழித்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் தோற்ற கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தஞ்சாவூர்க் கட்டத்தில் நாங்கள் எழுதியிருந்தது தரங்கம்பாடி. 'என்ன இருக்கு?' என்று கேட்டால் தரங்கம்பாடிக்கு நூற்றுக்கு நூறு மார்க் போடலாம். கடலோரமாக டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை இருக்கிறது. 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். 1845ல் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நடுவில், 1706ல் சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் அங்கே வந்து இறங்கித் தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புத்தகம் அச்சடித்தார். காமர்ஸ் படிக்கிறவனுக்கு ஒரு ஐரோப்பியக் கம்பெனியின் கடையும் கோட்டையும் ஒரே கட்டடத்தில் இருந்த இடத்தைப் பார்ப்பது என்றால் சும்மாவா?

ஆனால் 'எத்தனை மணி நேரம்?' என்று யாரும் கேட்கவில்லை. தஞ்சாவூரிலிருந்து தரங்கம்பாடி ஏறக்குறைய 100 கிலோமீட்டர். கும்பகோணத்தில் ஒரு பஸ் மாற வேண்டும், மயிலாடுதுறையில் இன்னொன்று. மேப்பில் விரலை வைத்து இழுத்தால் ஒரு சாண்கூட இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால்தான் தெரியும். போதாததற்கு, 'வழியிலதானே இருக்கு' என்று தாராசுரத்திலும் இறங்கினோம். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் எப்படிப்பட்ட இடம்! 2004ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த கோயில். ஒவ்வொரு தூணிலும் உள்ளங்கை அளவுக்குச் சின்னச் சின்னச் சிற்பங்கள். உட்கார்ந்து பார்க்க வேண்டிய அந்த இடத்தை நாங்கள் முக்கால் மணி நேரத்தில், வாட்சைப் பார்த்துக்கொண்டே சுற்றி முடித்தோம்.

தரங்கம்பாடிக்குப் போய்ச் சேரும்போது மணி இரண்டேகால். மத்தியானச் சாப்பாடு ஆகவில்லை. பசியிலும் வெயிலிலும் கோட்டையைச் சுற்றிவந்து, அந்தப் பழைய வீதியில் பாதி தூரம் நடந்து, 1718ல் கட்டிய சர்ச்சை வெளியில் நின்று பார்த்து, கடலுக்கு முன்னால் ஐந்து பேரும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, நாலு மணிக்குத் திரும்பவும் பஸ் ஸ்டாண்ட். தஞ்சாவூர் வரும்போது ராத்திரி ஒன்பது தாண்டிவிட்டது. அன்றைக்கு சாயங்காலம் விளக்கு வெளிச்சத்தில் பெரிய கோயிலில் உட்கார வேண்டும் என்று ஒரு தோழி முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். கோயில் சாத்தியாகிவிட்டது. மறுநாள் காலையில் மதுரைக்குக் கிளம்ப வேண்டும். அவள் ரூமுக்குப் போகும் வரை யாரோடும் பேசவில்லை.

இதைத்தான் எங்கள் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று சொல்கிறார்கள். பர்ஸிலிருந்து போன காசு மட்டும் செலவு இல்லை. அந்த நேரத்தில் வேறு எதைச் செய்திருக்கலாமோ, அதையும் சேர்த்துத்தான் செலவு. பரீட்சையில் இதற்கு ஐந்து மார்க் வாங்கியிருக்கிறேன். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில்தான் அர்த்தம் புரிந்தது :-)

தரங்கம்பாடியைக் குறை சொல்லவில்லை. அது அருமையான ஊர். மயிலாடுதுறையிலோ சிதம்பரத்திலோ தங்கியிருக்கிறவர்களுக்கு ஒரு நாள் போய்வர மிகப் பொருத்தம். இன்னும் நல்லது, அங்கேயே ஒரு ராத்திரி தங்குவது. தப்பு ஊரில் இல்லை, நாங்கள் புறப்பட்ட இடத்தில் இருந்தது. ஒரு ஊர் போகத் தகுந்த ஊரா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்க முடியாது. எங்கே தங்கியிருக்கிறோம் என்பதைச் சேர்த்துத்தான் கேட்க முடியும்.

இனி புதுக்கோட்டைக்கு வருகிறேன். தஞ்சாவூருக்கு முந்தின கதை இது.

திருச்சியில் முதல் நாள் மலைக்கோட்டை, திருவரங்கம், திருவானைக்கா எல்லாம் முடிந்து ரூமில் படுத்துக் கிடந்தோம். புதுகைக்கு அவன் அம்மாவிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போடச் சொன்னார்கள். "ஏப்பா, திருச்சி வரைக்கும் வந்துட்டு வீட்டுக்கு வராம போறீங்களா? ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போனா என்ன?" என்றார்கள். அம்மாக்கள் அப்படிக் கேட்டால் யார் மறுக்க முடியும்? முக்கொம்பு அடிக்கப்பட்டது. புதுகை மட்டும், "எதுக்கும்மா" என்று இழுத்தான். அவனுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போவதில் ஏதோ ஒரு தயக்கம் இருந்தது. அதற்குக் காரணம் கேன்டீனில் நான் கேட்ட கேள்வி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. காலை ஏழு மணிக்கு பஸ் ஏறினோம். எட்டரைக்கெல்லாம் அவன் வீட்டில் இட்லி. ராத்திரி எட்டு மணிக்குள் திருச்சி ரூமுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று எங்கள் பெண்கள் இருவரும் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அப்படிப் பார்த்தாலும் அந்த ஊரில் எங்களுக்குப் பத்து மணி நேரம் கிடைத்தது. தரங்கம்பாடியில் கிடைத்தது ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டு நாளும் ஒரே அளவு நாள்தான், ஒரே அளவு டூர்தான். கணக்கை நீங்களே பாருங்கள்.

அவன் அப்பாவுக்கு மளிகைக் கடை. நாங்கள் வருகிறோம் என்று கடையை அடைத்துவிட்டு வீட்டில் இருந்தார். "இங்க பார்க்கறதுக்கு என்ன தம்பி இருக்கு? சித்தன்னவாசல் இருக்கு. நான் ஸ்கூல் படிக்கிறப்ப கூட்டிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் போனதில்ல" என்றார். இதை அவர் சொன்ன தொனியைக் கேட்டதும்தான் கேன்டீன் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது. மகன் சொன்ன அதே வாக்கியம், அதே சிரிப்பு. வெளியூர்க்காரர்கள் 'என்ன இருக்கு?' என்று கேட்டுக் கேட்டு, அந்த ஊர்க்காரர்களே அதை ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவரும் எங்களோடு வந்தார். அன்னவாசல் போகிற பஸ்ஸில் ஏறி வழியில் இறங்கினோம். சித்தன்னவாசலில் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று மலை மேலே ஏழடிப்பட்டம். பாறையில் ஏறி, மலையின் அந்தப் பக்கமாக, கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒடுங்கிய வழியில் போனால் இயற்கையாக அமைந்த ஒரு குகை. உள்ளே 17 கற்படுக்கைகள். சமணத் துறவிகள் படுத்திருந்தவை. தலை வைக்கும் பக்கம் மட்டும் கொஞ்சம் உயர்த்தி, தலையணை மாதிரி செதுக்கியிருக்கிறார்கள். ஒரு படுக்கையின் பக்கத்தில் இருக்கும் கல்வெட்டு தமிழி எழுத்தில் உள்ளது, கிறிஸ்துவுக்கு முந்தின காலத்தது. கீழே கண்ணுக்கு எட்டின வரை பொட்டல். மேலே வெயில் சுட்டாலும் குகைக்குள் கல் ஜில்லென்று இருந்தது.

இன்னொன்று அறிவர் கோயில். ரொம்பச் சின்னக் குடைவரை. விதானத்தில் தாமரைக் குளம் ஒன்றை வரைந்திருக்கிறார்கள். மீன், பறவை, யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள். பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாக அங்கேயே கல்வெட்டு இருக்கிறது. ஓவியத்தில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. முதல் இரண்டு நிமிஷம் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் பச்சைத் திட்டு, சிவப்புத் திட்டு. கண் இருட்டுக்குப் பழகப் பழக ஒரு மீன் வந்தது. அப்புறம் ஒரு இலை. அப்புறம் ஒரு ஆளின் கை. உள் அறையில் நின்று மெதுவாக 'ம்ம்ம்' என்று முனகினால் சுவரெல்லாம் அதிர்கிற மாதிரி ஒலி சுற்றி வருகிறது. அப்பாவும் முனகிப் பார்த்தார். "இது ஸ்கூல்ல வந்தப்ப தெரியாது தம்பி, அப்ப வரிசையா உள்ள விட்டு வெளிய அனுப்பிட்டாங்க" என்றார்.

இந்த ஓவியம் ஒரு நிமிஷத்தில் தெரிவதில்லை என்பதுதான் முக்கியம். தாராசுரத்தில் இருந்த மாதிரி வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் பச்சைத் திட்டைப் பார்த்துவிட்டு, 'ஒண்ணுமே இல்லடா' என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்திருப்போம். 'என்ன இருக்கு?' என்ற கேள்விக்கு அந்த ஊர் தருகிற பதிலே, நாம் அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

மத்தியானம் வீட்டில் சாப்பாடு. முட்டை மாஸ் என்று ஒன்று போட்டார்கள். அது அந்தப் பக்கத்துச் சமையல், சென்னையில் நான் சாப்பிட்டதில்லை. சாப்பிட்டு முடித்ததும் அப்பா ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, மிளகை விடக் கொஞ்சம் பெரிய ஒரு செப்புக் காசை என் கையில் வைத்தார். அம்மன் காசு. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். சொந்த நாணயம் அடித்துக்கொண்ட சமஸ்தானம். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் 'விஜய' என்று தெலுங்கு எழுத்தில். நவராத்திரியில் அரண்மனையில் ஏழைகளுக்கு அரிசியோடு இந்தக் காசையும் கொடுப்பார்களாம். தாத்தா காலத்திலிருந்து கல்லாப்பெட்டியில் கிடக்கிறது என்றார்.

மூன்று வருஷமாகப் பணம், வங்கி, நாணயக் கொள்கை என்று படிக்கிறேன். என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் ஊர் சொந்தக் காசு வைத்திருந்தது எனக்குத் தெரியாது. "ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன். "நீ கேட்கலையே" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவன் குத்திக்காட்டுகிற ஆள் இல்லை. எனக்குத்தான் குத்தியது.

அப்புறம் திருக்கோகர்ணம் போனோம். 1910ல் ஆரம்பித்த அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. நாலு மணிக்கு மேல் நடை திறந்ததும் பக்கத்திலேயே இருக்கும் கோகர்ணேசுவரர், பிரகதாம்பாள் கோயில். மத்தியானம் காசில் இருந்த அம்மன் சாயங்காலம் கோயிலில். ஊருக்குள் நடந்து திரும்பினோம். தெருவெல்லாம் கட்டம் போட்ட மாதிரி நேர்நேராக இருக்கிறது. கீழ இரண்டாம் வீதி, மேல மூன்றாம் வீதி என்றுதான் பெயரே. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் திவானாக இருந்த சேஷையா சாஸ்திரி இப்படித் திருத்தி அமைத்தாராம். இந்த ஊரில் 1886ல் பிறந்த முத்துலட்சுமி, இங்கே மகாராஜா கல்லூரியில் ஆண்களோடு உட்கார்ந்து படித்த முதல் பெண். பிறகு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாகி, 1954ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையை ஆரம்பித்தவர். எங்களில் ஒரு தோழி தினமும் அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் காலேஜுக்கு வருகிறாள். "இந்தத் தெருவிலிருந்தா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஆறரை மணி பஸ். எட்டு மணிக்கு ரூம். பஸ், ஆட்டோ, நுழைவுச் சீட்டு என்று ஐந்து பேருக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை.

ஆயிரம் ரூபாய்தான் என்று அன்றைக்கு ராத்திரி நோட்டில் பெருமையாக எழுதிவைத்தேன். சென்னைக்கு வந்து கணக்கை முடிக்கும்போதுதான் ஒன்று விட்டுப்போனது தெரிந்தது. ஒரு மளிகைக் கடை ஒரு நாள் முழுக்க மூடியிருந்தது. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? வாய்ப்புச் செலவு என்று தஞ்சாவூரில் எங்களுக்காக அழுதேனே, அதே கணக்கு அவருக்கும் உண்டு. அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சரி, மறுப்பு சொல்கிறவர்கள் பக்கத்துக்கும் போய்ப் பார்ப்போம். இதை வகுப்பில் சொன்னபோது எழுந்த கேள்விகள் இவை.

முதல் கேள்வி: "உனக்கு அங்கே ஃப்ரெண்ட் வீடு இருந்தது, சாப்பாடு போட்டார்கள், கழிப்பறை இருந்தது. எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?" நியாயமான கேள்வி. குறிப்பாகக் கழிப்பறை. பசங்களுக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. தரங்கம்பாடி போன அன்று எங்கள் பெண்கள் இருவரும் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்தார்கள் என்பது பிறகு மதுரையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. பெண்கள் இருக்கிற குழு என்றால் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கேட்க வேண்டும், பஸ் ஏறின பிறகு இல்லை. நண்பர் வீடு இல்லாவிட்டால் நல்ல ஓட்டலோ அருங்காட்சியகமோ இருக்கிற ஊரா என்று பாருங்கள். கடைசி பஸ்ஸை நம்பாமல் அதற்கு முந்தின பஸ்ஸை நம்புங்கள். ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வகுப்பில் அறுபது பேர் இருக்கிறோம். எத்தனை பேர் எத்தனை ஊர்! யாருக்கும் யாரும் இல்லை என்பது உண்மையில்லை. கேட்டதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி: "வாழ்க்கையில் ஒரு தடவைதான் போகப் போகிறோம். முக்கியமானதையெல்லாம் பார்த்துவிட வேண்டாமா?" இந்த ஒரு தடவை என்கிற பயம்தான் ஒரு நாளில் மூன்று ஊரைத் திணிக்க வைக்கிறது. திருச்சியும் மதுரையும் நிலாவில் இல்லை. சென்னையில் ராத்திரி ரயில் ஏறினால் விடிவதற்குள் போய்விடலாம். ஒரு தடவைதான் என்று யார் சொன்னது?

மூன்றாவது கேள்வி: "அப்படியானால் எல்லா நகரத்திலும் ஒரு நாளைச் சின்ன ஊருக்குக் கொடுக்க வேண்டுமா?" கிடையாது. மதுரையில் நாங்கள் எங்கேயும் வெளியூர் போகவில்லை. திட்டத்தில் ஒரு ஊர் இருந்தது, தரங்கம்பாடி அலுப்பில் அடித்துவிட்டோம். அதுவும் சரியான முடிவுதான். மீனாட்சியம்மன் கோயில் மத்தியானம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த இடைவெளியில் 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கீழடிக்குப் போய், 2023ல் திறந்த அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். நகரமே இரண்டு நாளைக் கேட்கிறது என்றால் அதற்கே கொடுத்துவிடுங்கள். கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காக ஒரு ஊரைப் போட்டு நிரப்ப வேண்டாம். அது அந்த ஊருக்கும் மரியாதை இல்லை.

சுருக்கமாக, அடுத்த டூருக்கு நான் வைத்துக்கொண்டிருக்கிற விதிகள்:

போகும் நேரம் ஒன்றரை மணிக்கு மேல் இருக்கக் கூடாது. பஸ் மாறுவது ஒரு தடவைக்கு மேல் கூடாது. மாறும்போது நிற்கிற நேரத்தை மேப் சொல்லாது.

ஒரு நாளைக்கு ஒரு ஊர். 'வழியிலதானே இருக்கு' என்று யாராவது சொன்னால் அவர் வாயில் கடலை மிட்டாயைத் திணிக்கவும்.

கோயில்கள் மத்தியானம் மூடியிருக்கும் என்பதை வைத்துத் திட்டம் போடுங்கள். காலையில் மலை, குகை, கோட்டை. வெயில் உச்சியில் சாப்பாடு, அருங்காட்சியகம். சாயங்காலம் கோயில். அரசு அருங்காட்சியகங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு, தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வேண்டிய இடம் மட்டும் இல்லாமல், பிழைப்பு நடக்கிற ஊராகப் பாருங்கள். கடைத்தெரு, பள்ளிக்கூடம், காய்கறிச் சந்தை இருக்கிற ஊர். அங்கே இருப்பவர்கள் நமக்காக உட்கார்ந்திருப்பவர்கள் இல்லை. கேட்காமல் அவர்கள் திண்ணையையும் முகத்தையும் போட்டோ எடுக்க வேண்டாம்.

கடைசியாக, யாருடைய ஊரைப் பற்றியும் அவர் முன்னாலோ பின்னாலோ 'அங்க என்ன இருக்கு?' என்று கேட்காதீர்கள். 'உங்க ஊருக்கு எப்படிப் போறது?' என்று கேளுங்கள். அதற்கு எல்லோரும் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள், பஸ் நம்பரோடு.

புதுக்கோட்டையில் ஒன்றை விட்டுவிட்டோம். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அப்பா, "திருமயம் இருபது கிலோமீட்டர்தான், கோட்டை இருக்கு, அதையும் பார்த்துடலாமே" என்று செருப்பை மாட்டினார். சேதுபதிகள் கட்டிய கோட்டை, அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்து இரண்டு குடைவரைக் கோயில், தீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊர். என் கை பழக்கதோஷத்தில் நோட்டை எடுத்துவிட்டது. புதுகைதான், "வேண்டாம்ப்பா, அவசரமாயிடும். அது அடுத்த தடவைக்கு" என்றான்.

பஸ்ஸில் திரும்பும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். காலையில் எங்களைக் கூட்டிக்கொண்டு போகவே தயங்கியவன், மத்தியானம் 'அடுத்த தடவை' என்கிறான். இன்னும் இரண்டு மாதத்தில் கடைசிப் பரீட்சை. அதற்கப்புறம் சி.ஏ., வேலை, வங்கித் தேர்வு என்று ஆளுக்கொரு திசை. அவன் ஊருக்கே போய்க் கடையைப் பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொல்கிறான். எனக்குத் திருமயம் பாக்கி இருக்கிறது. கணக்கில் எழுதிவைத்திருக்கிறேன்.

உங்கள் ஊர் எது? எப்படி வர வேண்டும்? பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.

பி.கு: தஞ்சாவூரில் பெரிய கோயிலை ராத்திரி பார்க்க முடியாமல் போன தோழி இதைப் படிப்பாள். ஒரு டிக்கெட் நான் கடன்பட்டிருக்கிறேன் என்பது ஞாபகம் இருக்கிறது தாயே.